பெரியப்பாவின் ஸ்டூடியோ லென்ஸ்களை இன்றைய கமராவில் போட்டுக் கூத்து எடுக்கலாமா?

வாவியோரம் – கல்லடி

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு டவுனில் முந்தி ஸ்டூடியோ வைத்திருந்த பெரியப்பாவின் பெட்டி ஒன்று இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. ஸெனிட்-இ கமராவில் பூட்டியபடி ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப்/2. கெனன் ஏஇ-1, அதில் எஃப்டி 50 மி.மீ. எஃப்/1.8. கமரா இல்லாமல் தனியாக நிக்கோன் நிறுவனத்தின் நிக்கோர் 50 மி.மீ. எஃப்/1.8. இன்னொன்று டமரோன் 28 மி.மீ. எஃப்/2.5. அதுவும் கெனன் எஃப்டி மவுண்ட்தான் (மவுண்ட் என்பது லென்ஸ் கமராவில் பூட்டும் இடம்).

நான் பாவிப்பது கெனன் 700டி, கூடவே வந்த 18-55 லென்ஸ். பக்கத்து ஊரில் வடமோடிக் கூத்து அரங்கேற்றம் வருகிறது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் என்னைப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். பழகும் இரவில் போய் எடுத்துப் பார்த்தேன். 55 மி.மீ.-இல் அந்த லென்ஸ் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறனை 6400 வைத்தும் ஆட்டக்காரரின் கை கால் எல்லாம் இழுபட்டு வருகிறது.

இந்தப் பழைய லென்ஸ்களில் எதை என் கமராவில் போடலாம், என்ன அடப்டர் வாங்க வேண்டும்? புதுக் கமரா வாங்க இப்போதைக்கு வசதி இல்லை. ஹீலியோஸுக்குள்ளே நூல் நூலாக ஏதோ தெரிகிறது, அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

பிலிம்றோல் – கல்முனை

தம்பி, நல்ல பெட்டி கிடைத்திருக்கிறது. அடப்டர் தேட முதல் ஒரு கழித்தல் கணக்குப் போட வேண்டும். அதைப் போட்டுவிட்டால் பாதிக் கேள்விக்கு விடை தானாக வரும்.

ஒவ்வொரு கமரா வகைக்கும் மவுண்ட் விளிம்பிலிருந்து பிலிம் அல்லது சென்சர் வரை மாறாத தூரம் ஒன்று உண்டு. உங்கள் 700டி-யின் ஈஎஃப் மவுண்டுக்கு அது 44 மி.மீ. ஹீலியோஸ் எம்42 திருகு மவுண்ட், அதற்கு 45.46. நிக்கோன் எஃப் மவுண்டுக்கு 46.5. கெனனின் பழைய எஃப்டி-க்கு 42. லென்ஸின் தூரம் கமராவின் தூரத்தைவிடக் கூடவாக இருந்தால், மிச்சத்தை அடப்டர் நிரப்பும். ஹீலியோஸுக்கு 1.46 மி.மீ. தடிப்பில் ஒரு வளையம் போதும். நிக்கோருக்கு 2.5 மி.மீ. இரண்டும் வெறும் உலோக வளையங்கள்தான், உள்ளே கண்ணாடி தேவையில்லை.

எஃப்டி-யில் இடமே இல்லை. அந்த லென்ஸ் சரியாக வேலை செய்ய உங்கள் கமராவின் விளிம்பைவிட 2 மி.மீ. உள்ளே போய் நிற்க வேண்டும். நிற்க முடியாததால் அது எப்போதும் 2 மி.மீ. முன்னே தள்ளி இருக்கும். குவியத் தூரத்தின் வர்க்கத்தை அந்தத் தள்ளலால் பிரித்தால் போக்கஸ் எட்டும் தூரம் வரும்: 2500-ஐ 2-ஆல் பிரித்தால் 1250 மி.மீ., அதாவது ஒன்றேகால் மீற்றர். அடப்டரின் தடிப்பையும் சேர்த்தால் இன்னும் குறையும். கூத்தாடும் களரிக்கு வெளியே நின்று எடுக்கிறவருக்கு அது உதவாது.

இந்தக் குறையை மறைக்க நடுவில் கண்ணாடி வைத்த எஃப்டி அடப்டர்கள் விற்பனைக்கு வருகின்றன. வாங்க வேண்டாம். நல்ல லென்ஸுக்குப் பின்னால் மலிவுக் கண்ணாடியை வைத்தால், முழுதாகத் திறக்கும்போது படம் மங்கி விளிம்பு குழம்பும். கெனனே 1987-இல் ஈஎஃப்-க்கு மாறியபோது எஃப்டி தொலைநோக்கு லென்ஸ்களுக்கு மட்டும் 1.26 மடங்கு கன்வேர்ட்டர் ஒன்றைச் செய்தது. 50 மி.மீ.-க்குச் செய்யவில்லை.

ஆகவே உங்களுக்கு நிக்கோர் முதல், ஹீலியோஸ் இரண்டாவது. கெனன் கமராவுக்கு கெனனின் பழைய லென்ஸ் பொருந்தாது, நிக்கோனின் லென்ஸ் அழகாகப் பொருந்தும். எஃப்/5.6-இலிருந்து எஃப்/2-க்கு வந்தால் எட்டு மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த படத்தை அதே ஷட்டரில் 800-இல் எடுக்கலாம்.

செங்கலடி கமராக்காரன்

நான் கலியாணமும் கோயில் திருவிழாவும் எடுக்கிறவன். மாற்றுக் கருத்து ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். கெனனிடம் ஈஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் லென்ஸ்களில் ஆக மலிவானவற்றில் ஒன்று. தானாகப் போக்கஸ் பிடிக்கும், அப்பேர்ச்சர் என்ற லென்ஸின் திறப்பைக் கமராவே மூடும், எடுத்த விவரம் எல்லாம் படத்தோடு பதியும். அரங்கேற்றம் ஓர் இரவுதான். அண்ணாவியாரும் ஆட்டக்காரரும் அதற்காக மாதக்கணக்கில் பழகியிருக்கிறார்கள். இருட்டில் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது ராசாவின் வரவு போய்விட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

700டி-யின் வியூஃபைண்டர் கையால் போக்கஸ் பிடிக்கச் செய்யப்பட்டது அல்ல. பழைய எஸ்எல்ஆர் கமராக்களில் நடுவில் பிளவுபட்ட வட்டம் இருக்கும், இரண்டு பாதியும் சேர்ந்தால் போக்கஸ். இதில் அது இல்லை. எஃப்/1.8-இல் வியூஃபைண்டரில் தெளிவாகத் தெரிவது படத்தில் தெளிவாக வரும் என்று நம்ப முடியாது. அந்தத் திரை உண்மையான ஆழத்தைக் காட்டுவதில்லை.

பிலிம்றோல் – கல்முனை

செங்கலடித் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூலிக்கு எடுக்கிறவர் என்றால் நானும் எஸ்டிஎம் என்றுதான் சொல்வேன். ஆனால் இவருக்கு நிக்கோர் கையில் இருக்கிறது. வளையத்தின் விலை புது லென்ஸின் விலையில் சிறு பங்கு. அதோடு பெரியப்பா ஊர்ச் சனத்தை எடுத்த அதே கண்ணாடியால் அதே ஊர்ச் சனத்தை எடுப்பதில் ஒரு பெறுமதி உண்டு. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

வியூஃபைண்டர் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. பின்திரையில் படத்தைக் காட்டும் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிப் பிடிக்க வேண்டும். சிப் ஒட்டிய அடப்டர் வாங்கினால் போக்கஸ் வந்ததும் கமரா சத்தம் போட்டுக் காட்டும், ஆனால் மலிவுச் சிப்பை மட்டும் நம்பிவிடக் கூடாது. மேஜிக் லான்டேர்ன் என்ற இலவச மென்பொருளை 700டி-யில் போட்டால் போக்கஸ் விழுந்த விளிம்புகள் நிறத்தில் மின்னும். அது கெனன் தந்த மென்பொருள் அல்ல, போடுவதும் விடுவதும் உங்கள் பொறுப்பு.

வாவியோரம் – கல்லடி

நன்றி அண்ணன், கணக்கு விளங்கிவிட்டது. அப்படியென்றால் டமரோன் 28-உம் எஃப்டி என்பதால் அதுவும் வேலை இல்லையா? 28 இருந்தால் களரி முழுவதையும் எடுக்கலாம் என்று நினைத்தேன்.

நிந்தவூர் ஒளி

தம்பி, அந்த டமரோனின் பின்பக்கத்தைப் பாருங்கள். எஃப்/2.5 என்றால் அடப்டால்-2 வகையாக இருக்கத்தான் சாத்தியம் கூட. டமரோன் 1973-இல் அடப்டால் முறையையும் 1979-இல் அடப்டால்-2-ஐயும் கொண்டுவந்தது. லென்ஸ் ஒன்று, பின் மவுண்ட் வளையம் வேறு. கெனன்காரருக்கு எஃப்டி வளையம், நிக்கோன்காரருக்கு நிக்கோன் வளையம் என்று கடையில் மாற்றிக் கொடுப்பார்கள். உங்கள் பெரியப்பா வாங்கிய நேரம் எஃப்டி வளையம் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். சின்னப் பூட்டை அமத்தித் திருப்பினால் வளையம் கழன்று வரும். நிக்கோன் வளையம் ஒன்று தேடிப் போட்டால், நிக்கோருக்கு வாங்கும் அதே அடப்டர் இதற்கும் சரிவரும். கொழும்பில் பழைய கமரா விற்கும் கடைகளில் இந்த வளையங்கள் சில வேளை டப்பாவுக்குள் கிடக்கும், விற்கிறவருக்கே என்னவென்று தெரியாது.

எஃப்டி 50-ஐத் தூக்கி வைத்துவிட வேண்டாம். நான் சோனி மிரர்லெஸ் பாவிக்கிறேன். அதன் மவுண்ட் தூரம் 18 மி.மீ.தான். வியூஃபைண்டருக்குப் படத்தைத் திருப்பும் மிரர் உள்ளே இல்லாததால் கமரா மெல்லிசு. நிக்கோன் இசட் 16, கெனன் ஆர்எஃப் 20, ஃபுஜி எக்ஸ் 17.7. இவற்றில் எஃப்டி, மினோல்டா, எம்42, நிக்கோர் எதுவும் கண்ணாடி இல்லாத அடப்டரில் முடிவிலி வரை, அதாவது எவ்வளவு தூரத்துக்கும், போக்கஸ் பிடிக்கும். எனக்கு எஃப்டி-க்கு 24 மி.மீ. தடிப்பு அடப்டர்.

திருக்கோவில் அலை

நிந்தவூர்க் காக்கா, இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் நிக்கோன் டி5300. எம்42-இல் ஒரு சுப்பர்-தகுமார் 50 மி.மீ. எஃப்/1.4 இருக்கிறது, கண்ணாடி மஞ்சள் படிந்திருக்கிறது. கடற்கரையும் வள்ளங்களும் எடுக்க ஆசை. மேலே உள்ள கணக்குப்படி எனக்கு முடியாது என்றுதானே வருகிறது?

பிலிம்றோல் – கல்முனை

ஓம் டீச்சர், முடியாது. உங்கள் கமராவின் 46.5-க்கு லென்ஸின் 45.46. ஒரு மி.மீ.-க்குக் கொஞ்சம் கூடத் தள்ளி நிற்கும். 50 மி.மீ. லென்ஸ் சுமார் 2.4 மீற்றருக்கு அப்பால் போகாது, வளையத்தின் தடிப்போடு அதுவும் குறையும். பூ, முகம், கரைவலைக்காரரின் கை எடுக்கலாம். தூரத்து வள்ளம் எடுக்க முடியாது. எம்42 மிகப் பழைய மவுண்ட், 1949-இல் கிழக்கு ஜேர்மனியின் கொன்டக்ஸ் எஸ் கமராவோடு வந்தது. 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி. ரி2 என்ற இன்னொன்றும் அதே விட்டம்தான், ஆனால் புரி 0.75. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், திருகினால் இறுகிப் பழுதாகும்.

உங்கள் டி5300-க்கு நேரடியாகப் பழைய நிக்கோர் தேடுங்கள். 1977-க்கு முந்திய நிக்கோர்களைச் சில பெரிய நிக்கோன்களில் பூட்டினால் விளிம்பில் உள்ள சின்ன நெம்பு முறியும், டி5300-இல் அந்த நெம்பே இல்லை. ஆகவே பெரும்பாலானவற்றைப் பயமில்லாமல் பூட்டலாம். ஒன்று மட்டும்: வெளிச்ச அளவை அந்தக் கமரா காட்டாது. எல்லாவற்றையும் கையால் வைக்கும் எம் முறையில் ஒரு படம் எடுத்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்துத் திருத்த வேண்டும். கடற்கரை வெளிச்சம் ஒரு மணித்தியாலத்துக்கு அதிகம் மாறாது, ஒரு தடவை சரி செய்தால் போதும். போக்கஸ் வந்தால் மூலையில் பச்சைப் புள்ளி எரியும், அது வேலை செய்யும்.

மஞ்சள் வந்தது அழுக்கால் அல்ல. அந்தத் தகுமாரில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த கண்ணாடி இருக்கிறது. வருடக்கணக்கில் அது தானாகவே மஞ்சளாகும். புறஊதா வெளிச்சம் பட்டால் குறையும். வெயில் விழும் யன்னலில் பின்பக்கம் மேலே பார்க்க, கீழே அலுமினியத் தாள் வைத்துச் சில வாரம் விடுங்கள். யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். திறந்த லென்ஸ் வெயிலைக் குவித்துத் திரைச்சீலையைச் சுட்டுவிடும். கதிரியக்கம் என்று பயந்து எறிய வேண்டியதில்லை, கண்ணாடியை உடைக்கவோ தேய்க்கவோ மட்டும் கூடாது.

வாவியோரம் – கல்லடி

காக்கா சொன்னது சரி, அடப்டால்-2 தான். வளையம் கழன்றது. நிக்கோன்–ஈஎஃப் அடப்டர் இரண்டு விதமாகக் கிடைக்கிறது, ஒன்று மிக மலிவு, மற்றது பல மடங்கு விலை. வெறும் வளையத்துக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பிலிம்றோல் – கல்முனை

பத்தில் ஒரு மில்லிமீற்றருக்குத்தான் அந்தக் காசு.

மேலே சொன்ன அதே கணக்கு. 50 மி.மீ. லென்ஸுக்கு அடப்டர் 0.1 மி.மீ. தடித்துப் போனால் 2500-ஐ 0.1-ஆல் பிரியுங்கள், 25 மீற்றர். வளையத்தை முடிவிலிக் குறி வரை திருப்பினாலும் 25 மீற்றருக்கு அப்பால் எதுவும் கூர்மையாக வராது. கல்லடிப் பாலத்தில் நின்று அக்கரை எடுக்க முடியாது. 28 மி.மீ.-க்கு இன்னும் மோசம்: 784-ஐ 0.1-ஆல் பிரித்தால் எட்டு மீற்றர்கூட இல்லை. அகன்ற லென்ஸில் அடப்டர் பிழை கூடத் தெரிவது இதனால்தான். பலர் லென்ஸ் பழசு, கூர்மை போய்விட்டது என்று அதைக் குறை சொல்லி விற்றுவிடுகிறார்கள். குற்றம் வளையத்தில் இருக்கும்.

மலிவாகச் செய்கிறவர்கள் இதைத் தெரிந்துதான் கொஞ்சம் மெல்லிசாகவே செய்கிறார்கள். மெல்லிசானால் முடிவிலி கிடைக்கும், ஆனால் குறிக்கு முன்னாலேயே வந்துவிடும். லென்ஸில் எழுதியிருக்கும் மீற்றர் எண்கள் பொய்யாகும், கண்ணால் பார்த்துப் பிடித்தால் சரி. இரண்டு துண்டாகத் திருகாணி போட்ட அடப்டர் என்றால் இடையில் மெல்லிய உலோகத் தாள் வெட்டி வைத்துச் சரிசெய்யலாம்.

கூத்துக்கு மட்டும் என்றால் மலிவானதை வாங்குங்கள். உங்களுக்கும் ஆட்டக்காரருக்கும் இடையில் ஐந்து, ஆறு மீற்றர். முடிவிலி அங்கே தேவைப்படாது. ஆனால் பூட்டியபின் லென்ஸ் ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் திருப்பி அனுப்புங்கள். சரிந்து நிற்கும் லென்ஸை எந்தத் தாளும் திருத்தாது.

திருக்கோவில் அலை

ஹீலியோஸுக்குள் இருக்கும் நூலைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. அது பங்கஸ், அதாவது பூஞ்சணம். நம் பக்கத்தில் அடப்டரைவிட இதுதான் பெரிய பிரச்சினை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஐப்பசியில் தொடங்கும் மாரி தை வரை விடாது. அலுமாரிக்குள் உடுப்பே பூத்துப்போகும் ஊரில் லென்ஸ் எப்படித் தப்பும்?

அறையை இருட்டாக்கி, அப்பேர்ச்சரை முழுதாகத் திறந்து, கைபேசி டோர்ச்சைப் பின்னாலிருந்து சரிவாக அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் பல நூல்கள் தெரியாது. எங்கே தெரிகிறது என்று குறித்து வையுங்கள்: முன் கண்ணாடியிலா, பின்னாலா, நடுவிலா. முன்னிலோ பின்னிலோ என்றால் கழற்றித் துடைக்க வாய்ப்பு உண்டு. நடுவில் ஒட்டிய கண்ணாடிகளுக்கு இடையில் என்றால் தொடாமல் விடுங்கள்.

உங்கள் லென்ஸ்கள் எதிலே சுற்றியிருந்தன? தோல் உறையிலா?

வாவியோரம் – கல்லடி

ஓம் அக்கா, ஸெனிட் அதன் தோல் உறைக்குள்தான் இருந்தது. நிக்கோர் பிளாஸ்டிக் டப்பாவில். டோர்ச் அடித்துப் பார்த்தேன். நிக்கோர் சுத்தம். ஹீலியோஸில் முன்கண்ணாடியின் உள்பக்கம் ஓரத்தில் இரண்டு சிலந்தி வலை போல. எஃப்டி-யில் மெல்லிய புகை மாதிரி, நூல் இல்லை.

திருக்கோவில் அலை

தோல் உறையை லென்ஸுக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பங்கஸுக்குச் சாப்பாடும் அதுதான். பெரியப்பாவின் நினைவுக்கு என்றால் வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸை வைக்க உலர் அலுமாரி இருந்தால் நல்லது, ஆனால் விலை. நான் செய்வது: இறப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே சின்ன ஈரப்பதன் மானி. மானி இல்லாமல் ஜெல் மட்டும் போடுவது பலனில்லை, ஜெல் எப்போது நிரம்பியது என்று தெரியாது. ஈரப்பதனை 40 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில் வைத்திருங்கள். 60-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பங்கஸ் முளைக்கும். ஜெல்லை ஓவனில் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம். நீல நிறமாக வரும் ஜெல்லில் கோபால்ட் சேர்ந்திருக்கும், சமைக்கும் சட்டியில் அதைப் போட வேண்டாம். அரிசி போடச் சொல்கிறவர்கள் உண்டு. அரிசித் தூசி வளையத்துக்குள் போகும், வேண்டாம்.

பங்கஸ் பிடித்த லென்ஸை மற்றதிலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

பிலிம்றோல் – கல்முனை

பிரித்து வைப்பதால் கெடுதி இல்லை டீச்சர். ஆனால் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன, சுத்தமான லென்ஸிலும் இருக்கும். ஈரம் இல்லாவிட்டால் முளைக்காது. கல்முனையில் பக்கத்துப் பக்கத்துக் கடையில் ஒரே வருடம் வாங்கிய லென்ஸ்களில் மேசையில் தினம் கையாண்டது தெளிவாக இருக்கும், பத்திரமாகப் பூட்டி வைத்தது பூத்திருக்கும். பாவியுங்கள். அதைவிடப் பெரிய மருந்து இல்லை.

வெயிலில் வைத்தால் பங்கஸ் சாகும் என்று சொல்வார்கள். வெளிக் கண்ணாடி புறஊதாவில் பெரும்பகுதியைத் தடுக்கும், உள்ளே போவது கொஞ்சம். செத்தாலும் நூல் அப்படியே கிடக்கும், துடைத்தால்தான் போகும். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெரொக்சைட்டை லென்ஸ் தாளில் நனைத்துத் துடைக்கலாம். நேராகக் கண்ணாடியில் ஊற்றக் கூடாது. துடைத்தபின் கோடு கோடாகத் தழும்பு தெரிந்தால் பங்கஸ் மேற்பூச்சைத் தின்றிருக்கிறது. அது திரும்பி வராது.

எஃப்டி-யில் புகை போலத் தெரிவது வளையத்து எண்ணெய் ஆவியாகிப் படிந்ததாக இருக்கும். அதுவும் துடைத்தால் போகிற வகைதான், பூட்டுகளைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஹீலியோஸின் ஓரத்து இரண்டு நூல் படத்தில் தெரியாது தம்பி. விளக்கு எதிரே வரும்போது மட்டும் படம் வெளிறும். கூத்தில் விளக்கு எப்போதும் எதிரே வரும் என்பதால் உங்களுக்கு நிக்கோர்தான். அதில் பல அடுக்கு மேற்பூச்சு. ஹீலியோஸ் 44-2-இல் ஒற்றை அடுக்குதான்.

செங்கலடி கமராக்காரன்

எஸ்டிஎம் வாங்கச் சொன்னவன் நான்தான். ஆனால் தம்பி நிக்கோரோடு போகப் போகிறார் என்று தெரிகிறது. அப்படியானால் கூத்தை எப்படி எடுப்பது என்று சொல்லிவிடுகிறேன், இந்த வேலையைக் கொஞ்சம் கூடவே செய்திருக்கிறேன்.

ஆட்டக்காரரைப் பின்தொடர்ந்து வளையத்தைத் திருப்ப வேண்டாம். களரி வட்டம். அவர் திரும்பத் திரும்ப அதே இடங்களுக்கு வருவார். பழகும் இரவில் போய் எங்கே நின்று பாடுகிறார், எங்கே திரும்புகிறார் என்று பாருங்கள். ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கே நிற்கும் யாரையாவது வைத்து லைவ் வியூவில் பெரிதாக்கிப் போக்கஸ் பிடித்து, வளையத்தில் சின்னத் துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். பிறகு அவர் அந்த இடத்துக்கு வரும் வரை காத்திருங்கள். ஆறு மீற்றரில் எஃப்/2 என்றால் உங்கள் சென்சருக்கு ஒரு மீற்றர் அளவு ஆழம் கிடைக்கும். ஒரு அடி முன்பின் நின்றாலும் முகம் தெளிவாக இருக்கும். எஃப்/2.8-க்கு மூடினால் ஒன்றரை மீற்றர். நான் 2.8-இல் எடுப்பேன்.

தாளம் தீர்க்கும் இடத்தில் ஆட்டக்காரர் ஒரு கணம் நிற்பார். அதுதான் உங்கள் கணம். ஷட்டர் 1/100 போதும். வேகமாகச் சுழலும்போது எடுத்தால் கரப்புடுப்பு விரிந்து இழுபடும், அது கெட்ட படம் அல்ல, முகம் மட்டும் நிற்க வேண்டும்.

1/100 என்று சொன்னதற்கு இன்னொரு காரணம். முந்திப் பந்தம், பிறகு பெற்றோல்மக்ஸ், இப்போது ரியூப் லைட்டும் எல்ஈடியும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்கு வினாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் ஒரே மாதிரி வரும். 1/320 வைத்தால் ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் நிறம் மாறியும் வரும். மிரர்லெஸ் வைத்திருக்கிறவர்கள் சத்தமில்லாத ஷட்டரைப் போட்டால் படத்துக்குக் குறுக்கே பட்டை விழும்.

ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். முடியிலும் உடுப்பிலும் உள்ள கண்ணாடித் துண்டுகள் திருப்பி அடிக்கும், சனத்துக்கும் இடைஞ்சல்.

நிந்தவூர் ஒளி

700டி-யில் 50 மி.மீ. போட்டால் 80 மி.மீ. போடுவது போலப் பார்வை குறுகும். ஒரு ஆள் முழு உருவம், அல்லது இரண்டு பேர் இடுப்பு வரை. மத்தளக்காரரையும் சல்லரிக்காரரையும் சேர்த்து எடுக்க 28-ஐப் பூட்ட வேண்டும், அது 45 போல. ஹீலியோஸ் 93 போல வரும், ஒப்பனை அறையில் முகம் எடுக்க நல்லது. ஹீலியோஸின் பின்னணி சுழல்வது போல வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது விளிம்பில்தான் கூட வரும். உங்கள் சென்சர் விளிம்பை வெட்டிவிடுவதால் அந்தச் சுழலில் பாதிகூடத் தெரியாது. அதை நம்பி எதிர்பார்க்க வேண்டாம்.

வாவியோரம் – கல்லடி

மலிவு அடப்டர் வந்தது, ஆடவில்லை. நிக்கோரைப் பூட்டிப் பழகும் இரவு ஒன்றில் எடுத்தேன். கமராத் திரையில் அப்பேர்ச்சர் 00 என்று காட்டுகிறது, ஆனால் ஷட்டரைக் கமராவே தேரும் ஏவி முறையில் வெளிச்சம் சரியாகவே அளக்கிறது. செங்கலடி அண்ணன் சொன்னபடி டேப் ஒட்டி எஃப்/2.8, 1/100, ஐஎஸ்ஓ 1600. ராசா தாளம் தீர்த்து நிற்கும் படம் கண்ணிமை தெரியத் தெளிவாக வந்தது. அண்ணாவியாருக்குக் காட்டினேன், அவர் அதைப் பெரிதாக்கி அடித்துத் தரச் சொல்லிக் கேட்டார்.

இரண்டு கேள்வி மிச்சம். களரிக் கம்பத்து விளக்கு மூலையில் வந்த படங்களில் கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பலாக இருக்கிறது. பிறகு, எஃப்டி 50-ஐ காக்காவின் சோனியில் ஒரு தடவை பார்க்கலாமா?

பிலிம்றோல் – கல்முனை

சாம்பலுக்கு மருந்து லென்ஸின் முன்னால் பூட்டும் மறைப்புக் குழாய். நிக்கோரில் முன் வளையம் 52 மி.மீ. என்று எழுதியிருந்தால் அதற்கு மடக்கும் இறப்பர் மறைப்பு மலிவாகக் கிடைக்கும். முன்னால் யூவி கண்ணாடி பூட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், இரவில் அது விளக்கை இரட்டிப்பாக்கும். விளக்கு படத்துக்குள்ளேயே இருந்தால் மறைப்பு உதவாது, ஒரு அடி நகர்ந்து அதைக் கம்பத்துக்குப் பின்னால் மறைத்து எடுங்கள்.

நிந்தவூர் ஒளி

தாராளமாக வாங்க தம்பி, எஃப்டி-யையும் கொண்டு வாங்க. பூட்டும்போது ஒன்று கவனியுங்கள். எஃப்டி லென்ஸின் பின்னால் அப்பேர்ச்சர் நெம்பு ஒன்று இருக்கிறது, அதை அடப்டரின் முள் பிடிக்க வேண்டும். அடப்டர் வளையத்தை பூட்டு நிலைக்குத் திருப்பாவிட்டால் நீங்கள் எஃப்/8 வைத்தாலும் லென்ஸ் எஃப்/1.8-லேயே திறந்து நிற்கும். லென்ஸ் வளையம் ஏ என்ற பச்சை எழுத்தில் நின்றால் முதலில் அதை எண்ணுக்குக் கொண்டு வாருங்கள். சோனியில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்ற தெரிவை நான் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிறேன், ஆட்டம் குறைக்கும் அமைப்பில் 50 மி.மீ. என்று கையால் பதிந்தால் 1/15-இலும் கை நிற்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.